ஸ்க்ரோல் பாரைக் காணோம்: செட்டிங்கை மாற்றுவதா, மானிட்டர் வாங்குவதா?

மாதம் பிறந்து 10-ஆம் தேதி ராத்திரி ஒன்பதரைக்குப் போன் அடித்தால் அது அண்ணாச்சிதான். மறுநாள் 11, ஜிஎஸ்டிஆர்-1 என்கிற மாத விற்பனைக் கணக்கைத் தாக்கல் செய்யக் கடைசி நாள். மும்பை தாராவியில் 90 அடி ரோட்டில் மளிகை மொத்தக் கடை வைத்திருக்கிறார். ஊர் நாசரேத் பக்கம். கணக்கு நான் பார்க்கிறேன்.

"தம்பி, பில்லு போடுத பெட்டி பாதியிலயே நிக்கி. கீழ போவ மாட்டக்கு. ஓரத்துல ஒரு கம்பி இருக்கும்லா, அதையும் காணல."

கம்பி என்று அவர் சொன்னது ஸ்க்ரோல் பாரை, அதாவது ஜன்னல் ஓரத்தில் பிடித்து இழுத்தால் உள்ளே இருப்பதை மேலும் கீழும் நகர்த்துகிற பட்டையை. நேற்று இருந்ததா என்றேன். "இருந்துச்சே" என்றார், சத்தியம் பண்ணாத குறையாக. யாராவது கம்ப்யூட்டரைத் தொட்டார்களா என்று கேட்டதற்கு, புனேயிலிருந்து மருமகன் வந்திருந்த கதை வெளியே வந்தது. மாமனாருக்குக் கண் சரியாகத் தெரியவில்லையே என்று எழுத்தையெல்லாம் பெரிசாக்கி வைத்துவிட்டுப் போயிருக்கிறார். பாதி பதில் அங்கேயே கிடைத்துவிட்டது.

மீதியைப் போனிலேயே ஒப்பேற்றினோம். ஆல்ட்டை அமுக்கியபடி ஸ்பேஸ் பாரைத் தட்டச் சொன்னேன். ஜன்னலின் இடது மேல் மூலையில் குட்டி மெனு ஒன்று விழுந்தது. அதில் 'மூவ்' என்பதற்கு எம். பிறகு மேல் அம்புக்குறியை அமுக்கிக்கொண்டே இருக்க வேண்டும். மவுஸால் இழுத்தால் தலைப்பட்டை திரையின் மேல் விளிம்பில் முட்டி நின்றுவிடும். கீபோர்டால் நகர்த்தினால் அந்தத் தடை இல்லை. தலைப்பட்டை மேலே போய் மறைந்தது, அடியில் 'சேவ்' பட்டன் எட்டிப் பார்த்தது. "வந்துட்டு தம்பி, வந்துட்டு!"

அன்றைய ராத்திரிக்கு அது போதும். ஆனால் ஒரு நாளைக்கு அறுபது பில் போடுகிற மனிதர் ஒவ்வொரு பில்லுக்கும் ஆல்ட், ஸ்பேஸ், எம் என்று ஜபித்துக்கொண்டிருக்க முடியாது. நிரந்தரமாக என்ன செய்யலாம் என்று பார்த்ததில் ஐந்தாறு வழி முன்னால் நின்றது: விண்டோஸில் ஒரு சுவிட்சைத் தட்டுவது, எழுத்தைப் பழையபடி சின்னதாக்குவது, அந்த ஒரு சாஃப்ட்வேருக்கு மட்டும் விதிவிலக்கு கொடுப்பது, அதை அழித்துவிட்டு மறுபடி போடுவது, புது வெர்ஷனுக்குக் காசு கட்டுவது, பெரிய மானிட்டர் வாங்குவது. ஒவ்வொன்றையும் செய்து பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

எந்த மாதிரி காணோம்?

வழியைத் தேர்வதற்கு முன்னால் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். காணோம் என்பதில் மூன்று ரகம் உண்டு. பார் இருக்கிறது, ஆனால் ஒளிந்திருக்கிறது. பார் இருக்கிறது, ஆனால் திரைக்கு வெளியே போய்விட்டது. மூன்றாவது ரகத்தில் பார் பிறக்கவே இல்லை. அந்த ஜன்னலைச் செய்தவர் வைக்கவே இல்லை. ஒன்றுக்கான மருந்தை இன்னொன்றுக்குக் கொடுத்தால் ஒரு பொழுது வீணாகும். எனக்கு வீணாகியிருக்கிறது.

மவுஸ் சக்கரத்தை உருட்டிப் பாருங்கள். உள்ளே இருப்பது நகர்ந்தால் பார் ஒளிந்திருக்கிறது, அவ்வளவுதான். நகரவில்லையென்றால் ஜன்னலின் நாலு ஓரமும் கண்ணுக்குத் தெரிகிறதா பாருங்கள். கீழ் விளிம்பு, திரையின் அடியில் ஐகான்கள் வரிசையாக இருக்கிற டாஸ்க்பாருக்குப் பின்னால் போயிருந்தால் திரைக்கு வெளியே போன கேஸ். நாலு ஓரமும் தெரிகிறது, சக்கரமும் எடுபடவில்லை, ஆனால் டேப் கீயைத் தட்டத் தட்டக் கர்சர் ஒரு இடத்தில் மறைந்து கொஞ்சம் கழித்து மறுபடி மேலே முளைக்கிறது என்றால், கீழே கட்டங்கள் இருக்கின்றன, அங்கே போக வழிதான் இல்லை. அது மூன்றாம் ரகம்.

அண்ணாச்சியின் பில் ஃபாரம் இரண்டும் மூன்றும் கலந்த கலவை. மறுநாள் கடைக்குப் போய்ப் பார்த்தபோது தெரிந்தது, அந்த ஃபாரத்தில் என்றைக்குமே ஸ்க்ரோல் பார் இருந்ததில்லை. எழுத்து சின்னதாக இருந்தவரை ஃபாரம் முழுசாகத் திரைக்குள் அடங்கியது. பாருக்கு வேலையே இல்லை. அவர் நினைவில் இருந்த கம்பி ஸ்டாக் பட்டியலில் இருக்கிற கம்பி. அதைச் சொன்னபோது அவர் ஒத்துக்கொள்ளவில்லை என்பது வேறு விஷயம்.

தட்டினால் சரியாகிவிடும் என்கிற சுவிட்ச்

தேடினால் முதலில் கிடைக்கும் அறிவுரை இதுதான். விண்டோஸ் 11-இல் செட்டிங்ஸ் போய் அக்செஸிபிலிட்டி, அதில் விஷுவல் எஃபெக்ட்ஸ், அங்கே 'ஆல்வேஸ் ஷோ ஸ்க்ரோல்பார்ஸ்' என்பதை ஆன் செய்ய வேண்டும். விண்டோஸ் 10-இல் அதே சுவிட்ச் தலைகீழாக எழுதப்பட்டிருக்கும்: ஈஸ் ஆஃப் அக்செஸ், டிஸ்ப்ளே, 'ஆட்டோமேட்டிகலி ஹைட் ஸ்க்ரோல் பார்ஸ் இன் விண்டோஸ்'. அதை ஆஃப் செய்ய வேண்டும். ஒன்றில் ஆன், ஒன்றில் ஆஃப். போனில் சொல்லும்போது நானே இரண்டு தடவை மாற்றிச் சொல்லியிருக்கிறேன்.

இதில் பலரும் சொல்லாமல் விடுவது: இந்தச் சுவிட்ச் புதுவகைச் செயலிகளுக்குத்தான். செட்டிங்ஸ் ஜன்னல், ஸ்டோர் போன்றவற்றில் பார் நூல்போல மெலிந்து மறைவதை இது தடுக்கும். பத்துப் பதினைந்து வருஷத்துக்கு முந்தைய பாணியில் செய்த பில்லிங், டேலி ஷீட், ஸ்டாக் சாஃப்ட்வேர்கள் பாரைத் தானாக ஒளிப்பதே இல்லை. அவற்றில் பார் காணோம் என்றால் இந்தச் சுவிட்சுக்கும் அதற்கும் சம்பந்தம் கிடையாது. அண்ணாச்சி லேப்டாப்பில் தட்டிப் பார்த்தேன். பில் ஃபாரம் அசையவில்லை. ஆனாலும் பார் ஒளியாதபடியே வைத்திருக்கிறேன். காசு இல்லை, பக்க விளைவு இல்லை, அறுபதைத் தாண்டிய கண்ணுக்கு மெலிந்த நூலைவிடத் தடித்த பட்டை நல்லது.

பார் இருந்தும் கண்ணில் படவில்லை என்பவர்களுக்கு அகலத்தைக் கூட்டுவது ஒரு வழி. விண்டோஸ் 7 வரை அதற்கு ஒழுங்கான ஜன்னல் இருந்தது. விண்டோஸ் 8-இல் எடுத்துவிட்டார்கள். இப்போது விண்டோஸின் உள் அமைப்புகள் எழுதியிருக்கிற ரெஜிஸ்ட்ரியில் 'விண்டோ மெட்ரிக்ஸ்' என்ற இடத்தில் 'ஸ்க்ரோல் விட்த்' என்று இருப்பதை மாற்ற வேண்டும். வழக்கமான மதிப்பு -255. ஒரு பிக்சலுக்கு 15 வீதம் அது 17 பிக்சல். -375 என்று போட்டால் 25 பிக்சல். லாக் அவுட் செய்து உள்ளே வந்தால்தான் தெரியும். ரெஜிஸ்ட்ரியில் கை வைத்துப் பழக்கமில்லாதவர்களுக்கு இதை நான் சொல்வதில்லை.

மேக் வைத்திருப்பவர்கள் பாடு எளிது. 2011-இல் லயன் வந்ததிலிருந்து டிராக்பேட் மட்டும் இருந்தால் பார் ஒளிந்துகொள்ளும், மவுஸ் செருகினால் வெளியே வரும். மாட்டுங்காவில் என் நண்பர் வீட்டுப் பெண் ஒருத்தி, ஆபீசில் இருக்கிற பார் வீட்டில் ஏன் இல்லை என்று ஒரு மாதம் குழம்பிக்கொண்டிருந்தாள். ஆபீசில் மவுஸ் இருந்தது, அவ்வளவுதான். சிஸ்டம் செட்டிங்ஸில் அப்பியரன்ஸ் போய் 'ஷோ ஸ்க்ரோல் பார்ஸ்' என்பதில் 'ஆல்வேஸ்' வைத்தால் முடிந்தது. உபுண்டுவின் புது வெர்ஷன்களில் அக்செஸிபிலிட்டிக்குள் 'சீயிங்' பகுதியில் இதே மாதிரி ஒன்று இருக்கிறது. இந்த இரண்டிலும் ஒளிந்த பாருக்குச் சுவிட்சே போதும், மேலே படிக்க வேண்டியதில்லை.

எக்செல் தனிக்கதை

தூத்துக்குடியிலிருந்து ஒரு சப்ளையர் விலைப்பட்டியல் அனுப்புவார். அந்த ஃபைலைத் திறந்தால் மட்டும் கீழே இருக்கிற படுக்கைவாட்டு பார் இருக்காது. வேறு எந்த ஃபைலிலும் பிரச்சினை இல்லை. எக்செல்லையே சந்தேகப்பட்டு ரிப்பேர் ஓடவிட்டேன். கடைசியில் பார்த்தால் குற்றவாளி ஃபைலுக்குள்ளேயே இருந்தான். ஃபைல், ஆப்ஷன்ஸ், அட்வான்ஸ்டு போனால் 'டிஸ்ப்ளே ஆப்ஷன்ஸ் ஃபார் திஸ் வொர்க்புக்' என்று ஒரு பகுதி. அதில் நிமிர்ந்த பாருக்கு ஒரு டிக், படுத்த பாருக்கு ஒரு டிக். பெயரிலேயே 'திஸ் வொர்க்புக்' என்று இருக்கிறது பாருங்கள்: அந்த அமைப்பு கம்ப்யூட்டரோடு இல்லை, ஃபைலோடு பயணம் செய்கிறது. தூத்துக்குடியில் யாரோ டிக்கை எடுத்தது தாராவியில் வந்து இடிக்கிறது.

டிக் இருந்தும் காணோமென்றால் ஷீட் பெயர்களுக்கும் பாருக்கும் நடுவில் மூன்று புள்ளி மாதிரி ஒரு பிடி இருக்கும். யாராவது அதை வலது கோடி வரை இழுத்துவிட்டிருப்பார்கள், பார் நசுங்கிப்போயிருக்கும். இடது பக்கம் இழுத்தால் சரி.

இன்னொன்று, பார் இருக்கும், இழுத்தால் ஷீட் மட்டும் நகராத மாதிரி இருக்கும். பெரும்பாலும் 'ஃப்ரீஸ் பேன்ஸ்' வேலை. பெரிய மானிட்டரில் முப்பது வரிசையை உறைய வைத்தவர் அதே ஃபைலைச் சின்ன லேப்டாப்புக்கு அனுப்பினால், உறைந்த பகுதியே திரையை அடைத்துக்கொள்ளும். கீழே நகர்வது நடக்கிறது, பார்க்க இடம்தான் இல்லை. 'வியூ' டேபில் போய் உறைவை எடுத்துவிட வேண்டும்.

பாரில் நாம் பிடித்து இழுக்கிற துண்டு எள்ளளவு சுருங்கிப்போய் பிடிக்கவே முடியவில்லை என்றால், யாரோ கோடியில் எங்கோ ஒரு எழுத்தைத் தட்டியிருக்கிறார்கள். எக்செல்லில் 10,48,576 வரிசை இருக்கிறது. கடைசிப் பக்கம் ஒரு ஸ்பேஸ் விழுந்தாலும் பார் அவ்வளவு தூரத்துக்கும் கணக்குப் போடும். கன்ட்ரோலும் எண்டும் சேர்த்து அமுக்கினால் அந்தக் கோடிக்குப் போகலாம். வெற்று வரிசைகளை டிலீட் செய்து சேவ் செய்தால் அந்தத் துண்டு பழைய அளவுக்கு வரும். எக்செல் தொல்லை எதற்கும் காசு செலவழிக்கத் தேவையில்லை என்பது என் கட்சி. வேர்டிலும் அதே அட்வான்ஸ்டு பக்கத்தில் டிஸ்ப்ளே தலைப்பின் கீழ் இரண்டு டிக் உண்டு. லிப்ரே ஆபீஸ் கால்க்கில் டூல்ஸ், ஆப்ஷன்ஸ், கால்க், வியூ.

எழுத்தா, இடமா?

இனி அண்ணாச்சி விவகாரம். உண்மையில் முடிவெடுக்கக் கஷ்டமானது இதுதான்.

லேப்டாப் 15.6 அங்குலம், 1366×768. மருமகன் ஸ்கேலிங்கை, அதாவது திரையில் இருக்கிற எல்லாவற்றையும் பெரிதாக்குகிற அளவை, 100-இலிருந்து 125 சதவீதம் ஆக்கியிருக்கிறார். எழுத்து பெரிசாகிறது, அதற்கான விலையை இடம் கொடுக்கிறது. 768-ஐ 1.25-ஆல் வகுத்தால் 614. அதாவது சாஃப்ட்வேரின் கண்ணுக்கு இப்போது திரையின் உயரம் 614 பிக்சல்தான். விண்டோஸ் 10 டாஸ்க்பாருக்கு 40 போனால் மிச்சம் 574. அந்தப் பில் ஃபாரம் 700 உயரத்துக்குச் செய்தது. ஸ்க்ரீன்ஷாட் எடுத்து அளந்தேன். 126 பிக்சல் திரைக்கு வெளியே. 'சேவ்', 'பிரிண்ட்', 'கேன்சல்' மூன்றும் அந்த 126-க்குள்தான் இருக்கின்றன. ஏன் எப்போதும் முக்கியமான பட்டன்களை அடியில் வைக்கிறார்கள் என்று கேட்கத் தோன்றுகிறது. கேட்டு என்ன ஆகப்போகிறது.

முதல் மாற்று, ஸ்கேலிங்கைத் திரும்ப 100 ஆக்குவது. ஒரு நிமிஷ வேலை, ஃபாரம் முழுசாக வந்துவிடும். ஆனால் அண்ணாச்சிக்கு எழுத்து தெரியாது. போன மாதம் 46 கிலோவை 48 என்று வாசித்து ஒரு பில் தப்பாகப் போனது. அதனால்தான் மருமகன் பெரிசாக்கினாரே தவிர வேண்டுமென்று யாரும் செய்யவில்லை. பாருக்காகக் கண்ணை அடகு வைக்கிற மாதிரி இது. இளவட்டங்கள் உட்காருகிற கடையென்றால் இதையே செய்யுங்கள், யோசிக்க வேண்டாம்.

இரண்டாவது, சாஃப்ட்வேருக்கு மட்டும் விதிவிலக்கு. அதன் ஐகானை ரைட் கிளிக் செய்து பிராப்பர்டீஸ், காம்பேட்டிபிலிட்டி, 'சேஞ்ச் ஹை டிபிஐ செட்டிங்ஸ்'. அங்கே 'ஓவர்ரைடு' டிக் போட்டு 'அப்ளிகேஷன்' என்று வைத்தால், விண்டோஸ் அந்த ஒரு சாஃப்ட்வேரைப் பெரிதாக்காமல் விட்டுவிடும். மற்றதெல்லாம் 125-இலேயே இருக்கும். கணக்கு: 768-இல் டாஸ்க்பார் 50 போக 718, ஃபாரம் 700. மயிரிழையில் அடங்குகிறது. எழுத்தும் முன்னைவிடக் கூர்மை, ஏனென்றால் இழுத்துப் பெரிதாக்கிய மங்கல் போய்விடுகிறது. குறை, பில் எழுத்து மட்டும் பழையபடி பொடி. மெயில், வாட்ஸாப் எல்லாம் பெரிசாக இருந்து, பிழைப்பு நடக்கிற ஜன்னல் மட்டும் பொடியாக இருந்தால் என்ன லாபம்? தவிர, எல்லா சாஃப்ட்வேரும் இதற்கு மசியாது. ஆனால் ஒரு நாளைக்கு ஒரு தடவை திறந்து மூடுகிற சாஃப்ட்வேர் என்றால் இதைவிட நல்ல வழி கிடையாது.

டாஸ்க்பாரைத் தானாக மறையும்படி வைப்பது மூன்றாவது. 40 மிச்சம், வேண்டியது 126. போதாது. ஃபாரம் கொஞ்சமே கொஞ்சம் வெளியே போயிருந்தால் இதை முதலில் பாருங்கள்.

'மேக் டெக்ஸ்ட் பிக்கர்' என்று தனியாக ஒரு ஸ்லைடர் உண்டு, 225 சதவீதம் வரை போகும். ஸ்கேலிங்கை 100-இல் வைத்து இதை மட்டும் கூட்டினால் விண்டோஸ் மெனு, தலைப்பு எல்லாம் பெரிதாகும். பழைய ஃபாரங்களில் எழுத்தின் அளவை உள்ளேயே அடித்து வைத்திருப்பார்கள். அங்கே இது செல்லாது. பூதக்கண்ணாடி, அதாவது விண்டோஸ் கீயும் பிளஸும், அண்ணாச்சிக்கு ஐந்து நிமிஷம் காட்டினேன். திரை மவுஸோடு சேர்ந்து ஓடியது. "தல சுத்துது, எடுத்துரு" என்றார். எடுத்துவிட்டேன்.

புது வெர்ஷனும் மறு இன்ஸ்டாலும்

சாஃப்ட்வேர் கம்பெனிக்குப் போன் போட்டோம். பெயர் வேண்டாம். முதல் பதில், அழித்துவிட்டு மறுபடி போடுங்கள். ஸ்க்ரோல் பார் விஷயத்தில் ரீஇன்ஸ்டால் என்பது காய்ச்சலுக்கு வீட்டை வெள்ளையடிப்பது மாதிரி. ஃபாரத்தின் உயரம் சாஃப்ட்வேருக்குள் எழுதியிருக்கிறது. எத்தனை தடவை போட்டாலும் 700 என்பது 700தான். பேக்கப் தப்பினால் கணக்கும் போகும்.

ஒரே ஒரு இடத்தில் இன்ஸ்டால் சம்பந்தப்பட்ட வேலை பலன் தந்திருக்கிறது. சயான் கோலிவாடாவில் ஒரு கடையில் விண்டோஸை மறுபடி போட்ட பிறகு எல்லா ஜன்னலும் வெட்டுப்பட்டு நின்றது. டிவைஸ் மேனேஜரில் 'மைக்ரோசாஃப்ட் பேசிக் டிஸ்ப்ளே அடாப்டர்' என்றிருந்தது. கிராஃபிக்ஸ் டிரைவர் போடவே இல்லை, திரை 1024×768-இல் சிக்கியிருந்தது. டிரைவர் போட்டதும் எல்லாம் வந்தது. உங்கள் திரையில் வட்டங்கள் முட்டை மாதிரி தெரிந்தால் இதைப் பாருங்கள்.

கம்பெனியின் இரண்டாவது பதில், புது வெர்ஷனில் ஸ்க்ரோல் பார் உண்டு, வருஷ சந்தா கட்டுங்கள். டிரையல் வாங்கிப் போட்டுப் பார்த்தேன். உண்மைதான், வலது ஓரத்தில் அழகான பார். ஆனால் 'சேவ்' இப்போதும் அடியில். ஒவ்வொரு பில்லுக்கும் கீழே உருட்டி, சேவ் தட்டி, மறுபடி மேலே உருட்ட வேண்டும். அண்ணாச்சி நாலு பில் போட்டார். எதிரே மூட்டை தூக்க ஆள் நிற்கிறான், டெம்போக்காரன் ஹாரன் அடிக்கிறான். ஐந்தாவது பில்லில் உருட்ட மறந்து, சேவ் ஆகாமலே ஜன்னலை மூடிவிட்டார்.

எனக்குப் புத்தியில் உறைத்தது அந்த இடத்தில்தான். நாம் இத்தனை நாள் தேடியது ஸ்க்ரோல் பாரை. அண்ணாச்சிக்கு வேண்டியது ஸ்க்ரோல் பார் இல்லை. அது இடம் போதாத குறைக்கு வைத்த ஒட்டு. எப்போதாவது நீளமாகப் படிக்கிற வேலைக்கு ஒட்டு போதும். ஒரே ஃபாரத்தை நாளைக்கு அறுபது தடவை நிரப்புகிறவருக்கு முழு ஃபாரமும் ஒரே பார்வையில் தெரிய வேண்டும்.

அக்காள் மகன் பவாயில் சாஃப்ட்வேர் எழுதுகிறான். அவனிடம் சொன்னதற்குச் சிரித்தான். ஜன்னல் செய்கிற கருவிகள் பல உண்டு; அதில் விண்டோஸ் ஃபார்ம்ஸில் 'ஆட்டோஸ்க்ரோல்' என்று ஒரு குணம் இருக்கிறதாம். யாரும் தொடாவிட்டால் அது ஆஃப். ஆன் செய்ய ஒரு வரி. டபிள்யூபிஎஃப் என்றால் ஸ்க்ரோல்வியூவரைக் கொண்டுபோய் ஸ்டாக்பேனலுக்குள் வைத்துவிடுவார்கள். உயரத்துக்கு எல்லையே இல்லை என்று அது நம்பிக்கொள்ளும், பார் வேலையே செய்யாது. ஜாவா ஸ்விங்கில் டேபிளை ஜேஸ்க்ரோல்பேனுக்குள் போட மறப்பார்கள். "எழுதுறவன் டேபிள்ல பெரிய மானிட்டர் இருக்கும் மாமா, அவன் கண்ணுக்கு எல்லாம் முழுசாத்தான் தெரியும்" என்றான். சாஃப்ட்வேர் வாங்கப் போகிறவர்கள் டெமோவைத் தங்கள் கடை லேப்டாப்பில், தங்கள் எழுத்து அளவில் காட்டச் சொல்லுங்கள்.

மானிட்டர்

கடைசி வழி காசு கேட்பது. ஆனால் எந்த மானிட்டர் என்பதில் நான் நினைத்திருந்ததும் கணக்குச் சொன்னதும் வேறு வேறு.

கடைக்காரர்களும் பையன்களும் சொல்வது: 24 அங்குலத்துக்கு ஃபுல் எச்டி (1920×1080) சரி, 27-க்கு ஃபுல் எச்டி வாங்காதே, புள்ளி புள்ளியாகத் தெரியும். கேம் ஆடுகிறவனுக்கும் போட்டோ பார்க்கிறவனுக்கும் அது சரியான அறிவுரை. கணக்குப் போடுகிற பெரியவருக்கு அப்படியே உல்டா.

லேப்டாப்பின் 15.6 அங்குலத்தில் 1366×768 என்றால் ஓர் அங்குலத்துக்குச் சுமார் 100 பிக்சல். 24 அங்குல ஃபுல் எச்டியில் சுமார் 92. 27 அங்குலத்தில் சுமார் 82. ஸ்கேலிங்கைத் தொடாமல் 100-இலேயே வைத்தால், 27 அங்குலத் திரையில் எழுத்து லேப்டாப்பில் இருந்ததைவிட ஏறக்குறைய 1.23 மடங்கு பெரிது. மருமகன் 125 வைத்துக் கொடுத்த அதே அளவு! வித்தியாசம் என்னவென்றால், அங்கே உயரம் 614-ஆகச் சுருங்கியது. இங்கே 1080 முழுசாக இருக்கிறது. டாஸ்க்பார் போனாலும் 1040. 700 உயர ஃபாரம் அதில் காலை நீட்டிப் படுக்கலாம். புள்ளி தெரியும் என்று குறை சொல்கிறார்களே, அந்தப் பெரிய புள்ளியைத்தான் நாம் காசு கொடுத்து வாங்குகிறோம்.

24 அங்குலம் வாங்கினால் 100-இல் எழுத்து லேப்டாப்பைவிட ஒன்பது சதவீதம்தான் பெரிது. அண்ணாச்சிக்குப் போதாது, மறுபடி 125-க்குப் போக வேண்டும். அப்போதும் 1080-ஐ 1.25-ஆல் வகுத்தால் 864, டாஸ்க்பார் போக 824; ஃபாரம் அடங்கும், எழுத்தோ இன்னும் பெரிசு. மேஜையில் 27 வைக்க இடமில்லாத கடைக்கு இது. பழைய சாஃப்ட்வேர் 125-இல் கொஞ்சம் மங்கும், அதற்குத் தயாராக இருங்கள். 27 அங்குல 4கே பக்கம் போகாதீர்கள். 150 சதவீதமாவது ஸ்கேலிங் வைத்தே ஆக வேண்டும், பழைய சாஃப்ட்வேர் அங்கேதான் அதிகம் திணறும்.

ஞாயிறு இல்லாத ஒரு நாளாகப் பார்த்து (ஞாயிற்றுக்கிழமை, கம்ப்யூட்டர் கடைகள் இருக்கிற லேமிங்டன் ரோட்டில் பெரும்பாலான ஷட்டர் கீழேதான்) மாஹிமில் ஸ்லோ ரயில் ஏறி கிராண்ட் ரோட்டில் இறங்கினோம். புதுசாகவே வாங்கினோம். பழைய மானிட்டர் விலை குறைவுதான், ஆனால் பின்விளக்கு மங்கியிருந்தால் கண்ணுக்காக வாங்கியதே வீண். பெட்டியைத் தூக்கிக்கொண்டு சாயங்கால வண்டியில் ஏறுவது நடக்காத காரியம். டாக்சி வைத்தோம், அந்தச் செலவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். லேப்டாப்பில் எச்டிஎம்ஐ துளை இருக்கிறதா என்று முன்னாலேயே பார்த்துக்கொள்வது நல்லது. லேப்டாப் திரை 1366 என்றாலும் வெளியே 1920×1080 கொடுப்பதில் அதற்குக் கஷ்டம் இல்லை.

மானிட்டரால் வருகிற ஒரு தொல்லையையும் சொல்லிவிடுகிறேன். சில சாஃப்ட்வேர் ஜன்னல் கடைசியாக எந்த இடத்தில் இருந்தது என்று ஞாபகம் வைத்துக்கொள்ளும். மானிட்டரைக் கழற்றிவிட்டு லேப்டாப்பை மட்டும் வீட்டுக்குக் கொண்டுபோனால், இல்லாத திரையில் போய்த் திறக்கும். டாஸ்க்பாரில் இருக்கும், கண்ணுக்குத் தெரியாது. அதற்கும் அந்த ராத்திரி மந்திரமேதான்: ஆல்ட், ஸ்பேஸ், எம், ஒரு அம்புக்குறி, பிறகு மவுஸை அசைத்தால் ஜன்னல் கர்சரோடு ஒட்டிக்கொண்டு வரும். அண்ணாச்சி இதைக் கல்லாவுக்குப் பக்கத்துச் சுவரில் சாக்பீஸால் எழுதி வைத்திருக்கிறார், முருகன் காலண்டருக்குக் கீழே.

வாங்கி வந்த பிறகுதான் மேஜையில் இடம் பார்த்தோம். ஒரு பக்கம் தராசு, ஒரு பக்கம் கல்லாப்பெட்டி, நடுவில் பருப்பு சாம்பிள் கிண்ணங்கள். சுவரில் மாட்டலாம் என்றால் மானிட்டர் முதுகில் பிராக்கெட் மாட்டுவதற்கான வெசா துளை இருக்க வேண்டும், 75×75 அல்லது 100×100 மில்லிமீட்டர்; நல்லவேளை இருந்தது. பிராக்கெட் மாட்ட ஆள் வந்து டிரில் போட்டதில் சுவர்த்தூள் முழுவதும் துவரம்பருப்பு மூட்டைமேல். "வாய திறந்த மூட்டைய மூடிட்டு ஆரம்பிங்கலே" என்று அண்ணாச்சி கத்தினார். அதைச் செய்துவிட்டு ஆரம்பியுங்கள்.